911 எஸ்சியில் 17 அங்குல கப் வீல்: ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டர், ஸ்டட் எவ்வளவு நீளம்?

கேள்வி இதுதான். 1982ஆம் ஆண்டின் போர்ஷே 911 எஸ்சி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதற்கு அடுத்த தலைமுறையான 964இன் 17 அங்குல கப் வீல்கள் நல்ல விலைக்குக் கிடைத்தன என்று வாங்கிவிட்டீர்கள். மாட்டிப் பார்த்தால் சக்கரங்கள் மட்கார்டுக்குள் புதைந்துபோய் நிற்கின்றன. "வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு வாங்கிப் போடு, வேலை முடிந்தது" என்கிறார் ஒருவர். "ஸ்பேசர் போட்டால் பேரிங் போய்விடும், ஸ்டட் முறிந்து சக்கரம் தனியாக ஓடும்" என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். முதலாமவர் ஸ்டட்டை, அதாவது சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டை ஏற்கும் மரையாணியை, மறந்துவிட்டார். இரண்டாமவர் பேரிங்கின் மீது பழியைப் போட்டுவிட்டு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தவறவிட்டார். ஸ்டுட்கார்ட் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, காற்றால் குளிரும் இந்தப் பழைய 911களோடு மல்லுக்கட்டி வருகிறேன். இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்பேசர் அல்ல, அளக்காமல் வாங்கிய ஸ்டட்டும் பொருந்தாத நட்டும்தான். ஆகவே கொஞ்சம் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீலின் முதுகில் "ஈடி" என்று இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பின் மேல் போய் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் கூடக்கூடச் சக்கரம் காரின் உள்பக்கம் போகும். ஸ்பேசர் என்பது அந்த எண்ணைக் குறைக்கும் தகடு, அவ்வளவுதான். ஈடி 52 உள்ள வீலுக்குப் பின்னால் 28 மி.மீ. தகடு வைத்தால், காரின் கண்ணுக்கு அது ஈடி 24 வீல்.

உங்கள் காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தவை முன்னால் 6 அங்குல அகலம், ஈடி 36. பின்னால் 7 அங்குல அகலம், ஈடி 23.3. இதே உடலமைப்பு கொண்ட 3.2 கரேரா 1989இல் பின்னால் 8 அங்குல ஃபூக்ஸ் வகை அசல் வீலோடு வந்தது, அதன் ஈடி 10.6. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 6 அங்குலத்தில் பாதி 76.2 மி.மீ., அதோடு 36 சேர்த்தால் 112.2. 7 அங்குலத்தில் பாதி 88.9, அதோடு 23.3 சேர்த்தால் 112.2. 8 அங்குலத்தில் பாதி 101.6, அதோடு 10.6 சேர்த்தால் மறுபடியும் 112.2. சக்கரத்தின் உள்விளிம்பை ஓர் இடத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு, அகலம் கூடியபோதெல்லாம் வெளிப்பக்கம் மட்டும் வளர்த்திருக்கிறார்கள். சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அவர்கள் தொடவே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில் ஒரு கணம் எழுந்து நிற்கத் தோன்றியது.

இப்போது உங்கள் கப் வீலுக்கு வருவோம். பின்வீல் 8 அங்குலம், ஈடி 52: உள்விளிம்பு 153.6 மி.மீ.இல் போய் நிற்கிறது. அதாவது பழைய இடத்தைவிட 41.4 மி.மீ. உள்ளே. முன்வீல் 7 அங்குலம், ஈடி 55: உள்விளிம்பு 143.9, அதாவது 31.7 மி.மீ. உள்ளே. வீல் புதைந்து தெரிவதன் காரணம் இதுதான். 964இன் சஸ்பென்ஷன் வேறு, அதற்கு இந்த எண் சரி.

என்னைக் கேட்டால் முன்னால் 21, பின்னால் 28 மி.மீ. ஸ்பேசர் என்பேன். 55இல் 21 போனால் 34. உங்கள் பழைய முன்வீலின் 36க்கு 2 மி.மீ. மட்டுமே வித்தியாசம். 52இல் 28 போனால் 24. பழைய பின்வீலின் 23.3க்கு ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. டயர் தரையைத் தொடும் பட்டையின் நடுக்கோடு தொழிற்சாலை வைத்த இடத்திலேயே விழுகிறது. பேரிங்குக்குத் தெரிவது அந்த நடுக்கோடு மட்டும்தான். நடுவில் இருப்பது ஒரே வார்ப்பா, வார்ப்பும் தகடுமா என்பது அதற்குத் தெரியாது. எனவே "ஸ்பேசர் போட்டால் பேரிங் போய்விடும்" என்பது, ஏற்கெனவே சரியான ஈடி உள்ள வீலை அழகுக்காக வெளியே தள்ளுபவர்களுக்குச் சொல்ல வேண்டிய பேச்சு. அவர்கள் விஷயத்தில் அது உண்மை: நடுக்கோடு வெளியே போகப் போக, பேரிங்கை வளைக்கும் நெம்பு கூடும், முன்பக்கத்தில் ஸ்டீயரிங் கனத்து, குழியில் இறங்கும்போதெல்லாம் கையை உதறும். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது.

இடம் போதுமா என்பது தனிக் கேள்வி. 21, 28 என்று வைத்தாலும் அகலம் கூடியிருப்பதால் உள்விளிம்பு முன்னால் 10.7 மி.மீ.யும் பின்னால் 13.4 மி.மீ.யும் பழைய இடத்தைவிட உள்ளேதான் இருக்கும். வெளிப்பக்கம் பின்னால் பயமில்லை: ஹப் முகத்திலிருந்து 77.6 மி.மீ.தான் வருகிறது. 1989 கரேராவின் 8 அங்குல வீல் இதே மட்கார்டுக்கு அடியில் 91 மி.மீ. வரை வந்து நின்றது. உள்பக்கத்தைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு நான் கண்ட எளிய கருவி சப்பாத்தி மாவு. கட்டைவிரல் அளவு உருண்டைகளை, டயர் நெருங்கும் என்று தோன்றும் இடங்களிலெல்லாம் ஒட்டுங்கள். சக்கரத்தை மாட்டி, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது மெதுவாக உருட்டுங்கள். முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரு முனைக்கும் ஒடித்துப் பாருங்கள். பிறகு நசுங்கிய மாவை வெர்னியரால் அளந்தால் மிச்ச இடைவெளி கிடைத்துவிடும். 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் ஓட்ட மாட்டேன். வளைவில் டயரும் ரப்பர் புஷ்ஷும் சேர்ந்து அவ்வளவை விழுங்கிவிடும்.

இனி ஸ்டட். ஒரு சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால், ஐந்து ஸ்டட்டின் மேல் அது தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தொங்கவில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ரப்பரைப் போல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசை வீலின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. காரின் எடையையும் பிரேக்கின் உதைப்பையும் தாங்குவது இரு முகங்களுக்கும் நடுவிலுள்ள உராய்வுதான். எஸ்சியின் ஸ்டட் 14 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ., முறுக்க வேண்டிய அளவு 130 நியூட்டன் மீட்டர். தோராயக் கணக்கில் ஒரு ஸ்டட்டில் நாலரை டன்னுக்குச் சற்று மேல், ஐந்திலுமாக 23 டன் அழுத்தம். உராய்வாக அதில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும் என்று வைத்தாலும் மூன்றரை டன். முழுக் காரின் எடையே சுமார் 1,160 கிலோ. இந்தப் பிடி இருக்கும்வரை ஸ்டட்டின் மேல் வெட்டுவிசை விழாது. பிடி தளர்ந்த நாளில்தான் வீல் நூலளவு நகர ஆரம்பிக்கும். ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து களைத்து முறியும். "ஸ்பேசரால் ஸ்டட் முறிந்தது" என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித் தளர்ந்த பிடியின் கதைகள்.

"நீளமான ஸ்டட் என்றால் பலவீனமானதுதானே" என்று அடிக்கடிக் கேட்கிறார்கள். தலைகீழ். 130இல் முறுக்கும்போது, நட்டுக்கும் தன் தலைக்கும் நடுவில் இழுபடும் பகுதி, அதாவது பிடிநீளம், 30 மி.மீ. உள்ள ஸ்டட் ஏறக்குறைய 0.05 மி.மீ. நீள்கிறது. ஒரு தலைமயிரின் கனம்கூட இல்லை. 28 மி.மீ. ஸ்பேசர் சேர்ந்து பிடிநீளம் 58 ஆகும்போது 0.1 மி.மீ. நீள்கிறது. ஓட ஓட முகங்களில் உள்ள மேடுபள்ளம் நசுங்கி 0.02 மி.மீ. அமுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டை ஸ்டட் தன் இழுவிசையில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கும். நீண்டதோ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே. கவலைப்பட வேண்டியது ஸ்டட்டின் நீளத்தைப் பற்றி அல்ல, நடுவில் வரும் முகங்களைப் பற்றி. ஸ்பேசர் வந்தால் ஒரு சந்திப்பு இரண்டாகிறது.

அதனால்தான் பெயிண்ட் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பழைய வீலைப் புதுப்பிக்கக் கொடுத்தால் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்து, முதுகிலும் சேர்த்தே பூசித் தருவார்கள். அந்தப் பூச்சின் கனம் சாதாரணமாக 0.06 முதல் 0.1 மி.மீ. வரை. ஸ்டட் மொத்தமாக நீள்வதே அவ்வளவுதான். சூட்டில் பூச்சு மெதுவாக நசுங்கி ஒதுங்கினால் பிடி முழுதும் போய்விடும். ஹப்பில் உட்காரும் முகத்திலும், நட் உட்காரும் குழியிலும் பூச்சு இருக்கவே கூடாது. உங்கள் வீலைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிறப் பூச்சு முதுகிலும் மின்னினால் முதல் வேலை அதைக் கழற்றுவது.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. ஸ்பேசரின் கனம், வீலின் முதுகு முகத்திலிருந்து நட் உட்காரும் குழிவரை உள்ள கனம், நட்டுக்குள் போக வேண்டிய மரையின் நீளம், இவற்றைக் கூட்டினால் ஹப் முகத்துக்கு வெளியே ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வரும். பின்பக்கத்தில் மட்டும் ஒன்று கூடுதல்: அங்கே பிரேக் டிஸ்க் ஹப்பின் மேலே வந்து கவிழ்கிறது, அதன் கனத்தையும் சேர்க்க வேண்டும். முன்பக்கத்தில் டிஸ்க் ஹப்பின் முதுகில் இருப்பதால் அது கணக்கில் வராது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஸ்டட் வாங்கி, பின்னால் நட் பாதி மரையில் நின்றுபோன ஒரு காரை நானே பிரித்திருக்கிறேன். கடைகளில் ஸ்டட்டின் நீளத்தைச் சிலர் தலையோடு சேர்த்துச் சொல்வார்கள், சிலர் தலை நீங்கலாகச் சொல்வார்கள். எது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மரை எவ்வளவு பிடிக்க வேண்டும்? இரும்பு நட் என்றால் குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவு, அதாவது 14 மி.மீ. மரை இடைவெளி 1.5 என்பதால் ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல். ஆனால் 911இன் அசல் நட்டுகள் அலுமினியம், அது மென்மையான உலோகம். அதற்கு ஒன்றரை மடங்கு, 21 மி.மீ., பதினான்கு சுற்று வேண்டும் என்று கணக்கு வைக்கிறேன். இதில் தப்பாத வழி ஒன்று உண்டு. இப்போதே, எதையும் பிரிக்கும் முன், பழைய வீலில் ஒரு நட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் கழற்றுங்கள். எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு அதே எண்ணிக்கை, அல்லது அதைவிட அதிகம் வர வேண்டும். ஒரு சுற்றுக் குறைந்தாலும் ஓட்டாதீர்கள்.

கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கலாம். திறந்த நட் என்றால் ஒன்றும் கெடாது, ஸ்டட்டின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். தலை மூடிய நட்டில்தான் சங்கதி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரிலேயே பட்டேன். நான்கு திறந்த அலுமினிய நட், ஐந்தாவது திருட்டுக்குப் பயந்து வாங்கிய பூட்டு நட். அதன் தலை மூடியது. நான் போட்டிருந்த புது ஸ்டட் 4 மி.மீ. கூடுதல் நீளம். டார்க் ரெஞ்ச் ஐந்திலும் ஒழுங்காக "டக்" என்று சொன்னது. 100 கி.மீ. ஓடிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்த்தேன். நான்கு நட்டுகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தன. பூட்டு நட் மட்டும் மயிரிழைகூட நகராமல் உடனே "டக்" என்றது. அந்த ஒழுக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. கழற்றிப் பார்த்தால் நட் உட்காரும் முகம் கடையில் வாங்கியபோது இருந்தபடியே புத்தம் புதிதாக இருந்தது. ஸ்டட்டின் நுனியில் மட்டும் ஒரு காசளவு பளபளப்பு. ஸ்டட் நட்டின் கூரையில் முட்டிக்கொண்டு 130ஐக் காட்டியிருக்கிறது. வீலை அது தொடவே இல்லை. நூறு கிலோமீட்டரும் நான்கு ஸ்டட்டில் ஓடியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் புது நட்டின் முகத்திலும் மார்க்கர் பேனாவால் மை தீட்டி, ஒருமுறை முறுக்கிக் கழற்றிப் பார்க்காமல் விடுவதில்லை. மை வட்டமாக, முழுதாக அழிந்திருந்தால்தான் நட் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்த மை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். போர்ஷேயின் நட் முகம் கூம்பு அல்ல, 14 மி.மீ. ஆரமுள்ள பந்தின் ஒரு துண்டு. சந்தையில் எளிதில் கிடைப்பதோ 60 பாகைக் கூம்பு நட். பந்துக் குழியில் கூம்பை வைத்தால் தொடுவது ஒரு கோடு மட்டும். அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டில் விழுந்து வீலின் அலுமினியத்தைக் கடித்துத் தின்னும். மரை சரியாக ஏறுகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஸ்பேசரில் இரண்டு இனம். ஒன்று வெறும் வளையம்: நீண்ட ஸ்டட் அதைத் துளைத்துக்கொண்டு வந்து வீலையும் சேர்த்துப் பிடிக்கும். மற்றது தனியாக ஹப்பில் நட் போட்டு இறுக்கி, தன் சொந்த ஸ்டட்டுகளில் வீலைத் தாங்குவது. இரண்டாவதில் ஸ்டட் மாற்றும் தொல்லை இல்லை, அதனால் விற்பனையும் அதிகம். எனக்கு அதில் பிடிக்காதது, உள்ளே இருக்கும் ஐந்து நட்டுகளும் வீலைக் கழற்றாமல் கைக்கு எட்டாது என்பது. மேலும் உங்கள் பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டினால், வீல் தட்டையாக உட்காராது, 21 மி.மீ.யில் இது நடக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கத்துக்கு நீண்ட ஸ்டட்தான், அதில் பேச்சே இல்லை. 911 டர்போவின் பின்சக்கரங்களுக்குப் போர்ஷே நிறுவனமே ஸ்பேசர் வைத்து விற்றிருக்கிறது. இது ஏதோ சந்து மெக்கானிக்கின் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

எந்த இனமானாலும் நடுத்துளை 71.6 மி.மீ. இருக்க வேண்டும், வெளிமுகத்தில் அதே அளவில் ஓர் உதடு எழும்பி வீலின் துளைக்குள் பொருந்த வேண்டும். ஐந்து வகைக் காருக்குப் பொருந்தும் என்று நீள்துளை போட்டு விற்கும் தகடுகளைக் கையால் தொட வேண்டாம். வார்ப்பு அலுமினியமும் வேண்டாம். தட்டையாகக் கடைந்த, சான்றிதழோடு வரும் பண்டம் மட்டும்.

முன்பக்க வேலை நிதானமானது, ஒரு சனிக்கிழமை போதும். கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கிரீஸ் மூடியை எடுத்து, கிளாம்ப் நட்டின் சிறு ஆலன் திருகைத் தளர்த்தி, நட்டைச் சுழற்றி எடுத்தால் ஹப் டிஸ்க்கோடு கையில் வந்துவிடும். ஸ்டட்டின் தலை ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டியிருப்பதால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். பழைய ஸ்டட்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில், ஹப்பின் முகத்தை அந்தத் துளையைச் சுற்றியே தாங்கி, தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் ஹப்பின் முகம் வளைய வாய்ப்புண்டு. திரும்ப மாட்டும்போது பேரிங்கை இறுக்கும் அளவுதான் கைப்பக்குவம்: கிளாம்ப் நட்டுக்குப் பின்னாலுள்ள தடித்த வாஷரை, ஒரு ஸ்குரூடிரைவரின் நுனியால் நெம்பாமல் லேசாகத் தள்ளினால் அது நகர வேண்டும். சிரமப்பட்டு நகர்ந்தால் இறுக்கம் அதிகம், தானாக நழுவினால் குறைவு.

பின்பக்கம் பொறுமையைச் சோதிக்கும். டிஸ்க் இரண்டு திருகை எடுத்தால் வந்துவிடும். அதன் வயிற்றுக்குள்தான் ஹேண்ட்பிரேக் கட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றையும் எடுக்க வேண்டும். ஹப் பேரிங்குக்குள் அழுத்தி ஏற்றப்பட்டது. அதை உருவினால் பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு வந்துவிடும். அப்படிப் பிரிந்த பேரிங்கை மறுபடி போடக் கூடாது. அதனால் முதலில் ஒரு டார்ச்சும் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு ஹப்பைச் சுற்றிச் சுற்றி, ஸ்டட் தலைக்குப் பின்னால் எந்த இடத்தில் அதிக வெளி கிடைக்கிறது என்று அளந்து பாருங்கள். பழையது வெளியேற மட்டும் அல்ல, அதைவிட நீளமான புதியது சாய்வாகவாவது உள்ளே நுழையவும் அந்த வெளி போதுமா? போதுமானால் சிறிய சி-கிளாம்ப் பிரஸ் கொண்டு காரிலேயே மாற்றிவிடலாம். போதாது என்றால் இரண்டு வழி: 40 வயதைத் தாண்டிய பேரிங்கைப் புதிதாகவே போட்டுவிடத் துணிந்து ஹப்பை உருவுங்கள், இல்லையேல் பின்பக்கத்துக்கு மட்டும், அடுத்த பேரிங் வேலைவரை, தனி ஸ்டட் உள்ள ஸ்பேசரை வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்குரிய இழுப்பான் இல்லாதவர் வீட்டு வாசலில் தொடங்கக் கூடாத வேலை அது.

புது ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பற்களின் விட்டத்தைப் பழையதோடு வெர்னியரில் ஒப்பிட்டுவிட்டு ஏற்றுங்கள். பிரஸ் இல்லாத இடத்தில் நட்டால் இழுத்தும் ஏற்றலாம். அதற்கு வீலின் நட்டைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு தூக்கிப்போட ஒரு இரும்பு நட், எண்ணெய் தடவிய நான்கைந்து தடித்த வாஷர்கள், நீண்ட கைப்பிடி. காற்றுத் துப்பாக்கி கூடாது. பற்கள் ஹப்புக்குள் போவதைக் கையில் உணரலாம்: ஒரே சீராகக் கனத்துக்கொண்டே வந்து, தலை முதுகில் மோதியதும் சட்டென்று கல்லைப் போல் நிற்கும். நின்ற பிறகு 0.05 மி.மீ. ஃபீலர் தகடு தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் நுழையக் கூடாது. நுழைந்தால் மிச்சத் தூரத்தை ஸ்டட் என்றோ ஒருநாள் சாலையில் கடந்துகொள்ளும், அன்று பிடி தளரும்.

எல்லாம் சேர்ந்ததும், ஸ்பேசரோடு டயல் கேஜ் வைத்து முகத்தின் ஆட்டத்தைப் பாருங்கள். ஹப்பில் 0.05 மி.மீ. சாய்ந்தால் 17 அங்குல ரிம்மின் ஓரத்தில் அது மூன்று மடங்காகி நிற்கும். பெரும்பாலும் குற்றவாளி ஹப்பின் மூலையில் ஒட்டியிருக்கும் துருதான். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்தால் சரியாகிவிடும். அலுமினிய ஸ்பேசர் இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடு உதட்டில் மட்டும் விரல்நுனி அளவு, உலோகங்கள் கடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பேஸ்ட் தடவலாம், தட்டை முகங்களில் வேண்டாம். அலுமினிய நட் இரும்பு ஸ்டட்டில் கடித்துக்கொள்ளும் குணமுடையது என்பதால் மரையிலும் அதே பேஸ்டில் மிக மெல்லிய பூச்சு. நட்டின் பந்து முகத்தில் எதுவும் பட வேண்டாம். அதிகமாகப் பூசினால் அதே 130இல் ஸ்டட் கணக்குக்கு மேல் நீளும்.

நட்சத்திர வரிசையில் முதல் சுற்று 60, அடுத்து 130. 100 கி.மீ.யில் ஒருமுறை, 500இல் ஒருமுறை மறுபடி பாருங்கள். 500க்குப் பிறகும் ஏதாவது ஒரு நட் நகர்ந்துகொண்டே இருந்தால் அதை மேலும் முறுக்கிச் சமாதானமாகாதீர்கள், கழற்றிப் பாருங்கள். கையில் ஆழமான 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் இருக்கட்டும். ஸ்டட் நுனி நட்டைத் தாண்டி வந்தால் சாதாரண பாக்ஸ் பாதியில் முட்டிக்கொள்ளும், நட்டின் மூலைகள் உருண்டுவிடும். காரோடு வந்த வீல் ஸ்பேனரையும் இப்போதே மாட்டிப் பாருங்கள், மழையில் நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல. ஸ்பேர் வீலையும் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

நீங்கள் ஜெர்மனியில் ஓட்டுபவர் என்றால் ஒரு காகித வேலையும் உண்டு. ஸ்பேசருக்கு அதை விற்பவர் தரும் பொருத்தச் சான்று வேண்டும், மாட்டியதும் பரிசோதனைப் பொறியாளரிடம் காட்டிப் பதிய வேண்டும். பதியாவிட்டால் காரின் ஓட்டு அனுமதியே கேள்விக்குள்ளாகும், விபத்தென்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அங்கேதான். பழங்கார்களுக்குரிய ‘எச்’ எண்பலகை வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: கார் பதிவான முதல் பத்தாண்டுகளுக்குள் வழக்கில் இருந்த மாற்றங்களைத்தான் அதில் ஏற்பார்கள். உங்கள் கார் 1982, பத்தாண்டு 1992இல் முடிகிறது. கப் வீல் வந்ததோ 90களின் தொடக்கத்தில். எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறீர்கள். பணம் செலவழிக்கும் முன் அந்தப் பொறியாளரைப் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். நான் பார்த்தவரை, முன்கூட்டிக் கேட்பவரிடம் அவர்கள் பொறுமையாகவே பேசுகிறார்கள்.

அவர் முடியாது என்றால் எனக்கு வருத்தமிருக்காது. 7, 8 அங்குல ஃபூக்ஸ் வீல்கள் இந்த வேலை எதுவுமில்லாமல் இந்தக் காருக்குப் பொருந்தும், பார்வைக்கும் அதுதான் அழகு என்பது என் கட்சி. ஆனால் வீல் உங்களுடையது, கண்ணும் உங்களுடையது.

ஸ்டட் வாங்கும் முன் நான்கு அளவுகளை எடுத்து எனக்கு எழுதுங்கள்: பழைய நட் கழன்ற சுற்றுகளின் எண்ணிக்கை, கப் வீலின் முதுகிலிருந்து நட் குழிவரை உள்ள கனம், பின் டிஸ்க்கின் தொப்பிக் கனம் (ஹப்பின் மேல் கவிழும் பகுதியின் கனம்), பழைய ஸ்டட்டின் பல் விட்டம். நீளத்தை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.